பாலிகையில் வெட்டிய கீரை

நான் புங்குடுதீவில் விஞ்ஞானம் படிப்பித்த காலம். சண்டையால் பாதை மூடிக் கிடந்ததால் பட்டணத்து மரக்கறி வருவதில்லை. மனைவி கர்ப்பமாக இருந்தாள். மருத்துவமாது அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்து, "இரத்தம் காணாது. கீரை நல்லாய்க் குடுங்கோ" என்றார். வளவில் முருங்கை நின்றது. அதன் வாசத்துக்கே அவள் வாந்தி எடுத்தாள்.

அந்த மாதம்தான், நாங்கள் குடியிருந்த மாமி வீட்டில், மனைவியின் தங்கைக்குக் கல்யாணம். தாலிக்குப் பொன்னுருக்கிய அன்று சுமங்கலிப் பெண்கள் சட்டிகளில் நவதானியம் விதைத்திருந்தார்கள். இந்தப் பாலிகை செழித்தால் மணமக்களின் வாழ்வும் செழிக்கும் என்று மாமி நம்பினார். எனக்கோ அதில் பயற்றம் நாற்றுதான் தெரிந்தது. விதை தன் சேமிப்பைக் கரைத்து முதல் இலைகளை விரிக்கும் பருவம். முற்றிய இலையைவிடப் பல உயிர்ச்சத்துகள் இந்தக் குருத்தில் செறிந்திருக்கும். எப்படியும் பிறகு கடலில்தான் விடப்போகிறார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, பயற்றை மட்டும் கத்தரிக்கோலால் நறுக்கினேன். தேங்காய்ப்பூவோடு வறை செய்து, இரும்புச்சத்து உடம்பில் சேரட்டும் என்று தேசிக்காய்ப் புளியும் பிழிந்துவிட்டுக் கொடுத்தேன். என்ன கீரை என்று சொல்லவில்லை. அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

சற்று நேரத்தில் மாமியின் கூக்குரல். "ஐயோ, பாலிகை மொட்டையாப் போச்சே!"

"ஆடாயிருக்கும், மாமி."

"ஆடு கத்தரிக்கோலும் கொண்டுவந்ததோ, தம்பி? மட்டமா வெட்டினபடியெல்லே கிடக்குது!"

மாமி நிலத்தில் குந்தியிருந்து அழத் தொடங்கினார். குசினி வாசலில் நின்ற மனைவி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"அம்மா, நான்தான் வெட்டித் திண்டனான். வாய் கேட்டுது."

அழுகை சட்டென்று நின்றது. "பிள்ளைத்தாய்ச்சி திண்டால் சாமி கோவிக்காது. என்னட்டைக் கேட்டிருந்தா வேறை சட்டியிலை போட்டுத் தந்திருப்பனே, விசரி!"

அன்றே மகளுக்கென்று தனியாகப் பயறு முளைக்கப் போட்டார். கல்யாணமும் குறைவின்றி நடந்தது. அடுத்த முறை வந்து கீழிமையைப் பார்த்த மருத்துவமாதின் முகம் மலர்ந்தது. கீரைதான் காரணமென்று சத்தியம் பண்ண மாட்டேன். இடையில் இரும்பு மாத்திரையும் கிடைத்திருந்தது.

"தங்கச்சியின்ர பாலிகையைத் திண்டவள்" என்று மாமி ஒவ்வொரு விசேஷத்திலும் அவளைப் பகிடி பண்ணுவார். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். மாமி கண்மூடும்வரை உண்மையைச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

போன கிழமை மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"இப்பதான் ஞாபகம் வந்ததோ? மன்னிப்பு இருக்கட்டும், எழும்பிப் பயறை ஊறப்போடுங்கோ" என்றாள்.