ஜாமீன் கையெழுத்து

கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் அவளை ‘டாக்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் டாக்டர் இல்லை. சுவரில் எழுத்துப் பலகையை மாட்டி, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா” என்று கேட்டுக் கேட்டு லென்ஸை மாற்றிப் பார்க்கிறவள். படித்தது நுண்ணுயிரியல். அதுவும் பேர்போன பெரிய கல்லூரியில், முதுகலை. அதற்கு வாங்கிய கடனைத்தான் ஏழு வருஷமாக மாசாமாசம் கட்டிக்கொண்டிருந்தாள். வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தை இழுத்து மூடிவிட்டார்கள். அடுத்த வேலை கிடைக்கும்வரை என்று கடைக்கு வந்தவள், அப்படியே ஒட்டிக்கொண்டாள்.

தங்கை அவளைவிட ஒன்பது வயது சின்னவள். திக்குகிறவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் பேச்சுப் பயிற்சி தருகிற படிப்பில் பட்டம் வாங்கியிருந்தாள். மேற்படிப்புக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று, அக்கா படித்த அதே பெரிய கல்லூரி. மற்றது பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வந்துவிடும் சின்னக் கல்லூரி. கட்டணம் மூன்றில் ஒரு பங்குதான்.

“பெரிய காலேஜ் வேணவே வேணாம்” என்றாள் பெரியவள். “பேரை வச்சுக்கிட்டு என்ன பண்றது? என்னைப் பாரு.”

“உனக்கு வேலை கிடைக்கலைன்னா எனக்கும் கிடைக்காதாக்கா?”

மூன்று நாள் வீடு இரண்டுபட்டது. சோறு போடும்போதும் அதே பேச்சு, துணி மடிக்கும்போதும் அதே பேச்சு. அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் மாறி மாறி அவர் முகத்தைப் பார்த்தால், “எனக்கு மேலே, கீழே ரெண்டுதாம்மா தெரியும். படிச்சவங்க நீங்களே பேசி முடிவு பண்ணுங்க” என்று நழுவிவிடுவார்.

விடுமுறை நாளில் பெரியவள் யாரிடமும் சொல்லாமல் சின்னக் கல்லூரிக்குப் போனாள். கண்ணால் பார்த்துவிட்டு வந்து அடித்துப் பேசலாம் என்று நினைத்திருந்தாள். செவித்திறன் சோதிக்கும் அறை பூட்டிக் கிடந்தது. அலுவலக உதவியாளர் சாவியைத் தேடிப்பிடித்துத் திறந்தார். உள்ளே உடைந்த நாற்காலிகள், கூரை வரைக்கும். கருவி பழுதாகி இரண்டு வருஷம் ஆயிற்றாம். “பாடமெல்லாம் ஒழுங்கா நடக்குதும்மா” என்று அவரே சமாதானம் சொன்னார்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “பெரிய காலேஜுக்கே போ. கடனுக்கு ஜாமீன் கையெழுத்து நான் போடறேன்” என்றாள். தங்கை அவளைக் கட்டிக்கொண்டாள். “சத்தியமாவா?” என்று நாலு தடவை கேட்டாள்.

மறுநாளே கடையில் அனுமதி கேட்டு, பெரியவள் வங்கிக்குப் போனாள். அதிகாரி சின்ன வயதுப் பெண். கணினியைத் தட்டினாள், உதட்டைக் கடித்தாள்.

“உங்க பேர்ல மூணு தவணை தவறியிருக்கே.”

“அது ஆய்வுக்கூடத்தை மூடினப்போங்க. வட்டியோட கட்டிட்டேனே.”

“கட்டிட்டீங்க. ஆனா தவறினது பதிவாயிடுச்சு. இவ்வளவு பெரிய தொகைக்கு உங்க ஜாமீனை ஏத்துக்க முடியாது. அப்பா ஏற்கெனவே உங்க கடனுக்கு ஜாமீன், அவரும் இன்னொண்ணுக்குப் போட முடியாது. சின்னக் காலேஜுன்னா தொகை கம்மி, ஜாமீனே தேவைப்படாது.”

“வேற வழியே இல்லையா?”

“நான் கையாலே எழுதறதா இருந்தா எழுதிடுவேங்க. கணினி ஏத்துக்காது” என்றாள் அந்தப் பெண். கோபப்படக்கூட ஆள் இல்லாமல் போயிற்று.

கடை முதலாளியைக் கேட்டாள். “கையெழுத்து மட்டும் கேக்காதேம்மா” என்றார். சித்தப்பா போனை எடுக்கவே இல்லை. பணம் கட்டக் கடைசி நாளுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. சொல்லாமல் முடியாது என்று, தங்கையை உட்காரவைத்துச் சொன்னாள்.

தங்கை அழவில்லை. “நீ முதல்லேர்ந்தே வேணாம்னுதானே சொன்னே” என்றாள்.

“அடியே, நான் வேணும்னே கெடுத்தேன்னு நினைக்கிறியா? இதோ பாரு, வங்கியில கொடுத்த கடிதம்.”

“நான் எதுவும் நினைக்கலை. விடுக்கா.”

கடிதத்தை அவள் வாங்கிப் படிக்கவில்லை. அது இரண்டு நாள் மேஜைமேல் கிடந்தது. அப்பாதான் எடுத்துப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

தங்கை சின்னக் கல்லூரியில் சேர்ந்தாள். அக்கா கூட வரட்டுமா என்று கேட்டதற்கு, “உனக்கு எதுக்குக்கா வீண் அலைச்சல்” என்று தனியாகவே போய் வந்தாள். சண்டை இல்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை. முன்பெல்லாம் பஸ்ஸில் பார்த்ததுவரை ஒன்றுவிடாமல் கொட்டுகிறவள், இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். சண்டை போட்டாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லலாம் என்று பெரியவளுக்குத் தோன்றும்.

“கிளாஸ் எப்படிப் போகுது?” என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள்.

“போகுது” என்றாள் தங்கை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போகிறபோக்கில் அக்காவின் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.