தோட்டா அறைக்கு ஒரு தரை

போன சனிக்கிழமை மகளோடு தரை விரிப்புக் கடைக்குப் போயிருந்தேன். புதிதாக வீடு வாங்கியிருக்கிறாள். ஒரு அறைக்கு கார்பெட்டா, வைனலா என்று முடிவு செய்ய வேண்டுமாம். கடைக்காரர் சுருட்டி நிறுத்தியிருந்த வைனல் ரோலைப் பிரித்துக் காட்டினார். புதுச் செருப்புக் கடை வாசனை குப்பென்று அடித்தது. நான் குனிந்து நகத்தால் தேய்த்துப் பார்த்து, "ஜாயின்ட் இல்லாம ஒரே பீஸா வருமான்னு கேளுடி" என்றேன். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ கெஸ்ட் ரூம்!" என்று பல்லைக் கடித்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தரை என்றால் எனக்கு இன்னும் புத்தி அப்படித்தான் போகிறது. அதற்குக் காரணம் என் வீட்டுக்காரரும் அவருடைய தோட்டாக்களும்.

வெளிநாடு வந்து கேட்டி என்ற இந்த ஊரில் நாங்கள் குடியேறிய புதிதில் ஒவ்வொரு வீட்டு ஆம்பளையும் ஏதாவது ஒன்றில் விழுந்துகிடந்தார். ஒருவர் கோல்ஃப், ஒருவர் கிரிக்கெட், இன்னொருவர் வாழை மரம். இவர் துப்பாக்கி சுடுவதில் விழுந்தார். யார் தெரியுமா? சென்னையில் தீபாவளிக்கு ஊசிப்பட்டாசையே முழ நீள ஊதுவத்தியால் பற்றவைத்துவிட்டு மாடிப்படி வரை ஓடுகிற ஆள்! ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் காகித வட்டத்தைச் சுடச் சொல்லியிருக்கிறார். நடுவில் பட்டுவிட்டது. அவ்வளவுதான், அந்தக் காகிதம் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஏறியது.

அதோடு நின்றிருந்தால் சரி. சுட்ட பிறகு கீழே விழும் பித்தளைக் குப்பிகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே புதுத் தோட்டா செய்யலாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். குப்பியின் அடியில் பிரைமர் என்று பொட்டுவெடி மாதிரி ஒரு சின்ன மூடி. உள்ளே வெடிமருந்து. மேலே குண்டு. மேஜையில் முடுக்கிய ஒரு பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்து இழுத்துச் செய்கிற வேலை. "ரொம்ப ரிலாக்ஸிங்மா" என்றார். மருந்து என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.

நான் சிவகாசிப் பக்கம். அப்பா பட்டாசு ஆலையில் போர்மேன். அவர் சட்டையை எத்தனை தடவை துவைத்தாலும் கந்தக வாடை போகாது. அந்த வாடையில்தான் நான் வாய்ப்பாடு படித்தேன். சித்தியும் அங்கேதான் வேலை பார்த்தாள். எனக்குப் பின்னல் போட்டு, கனகாம்பரம் வைத்துவிட்டு, தூக்குச்சட்டியோடு வேலைக்குப் போனவள் ஒரு நாள் திரும்பி வரவில்லை. அதற்குமேல் அதை எனக்குச் சொல்லத் தெரியாது. மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டரில் வேலை என்றதும் அம்மா ஜாதகத்தைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை. மருந்து இல்லாத ஊருக்குப் பெண் போகிறாள், அது போதும் அவளுக்கு. எனக்கும் அதுதான் போதும் என்றிருந்தது. கடல் தாண்டி வந்தால், இந்த மனுஷர் அதைப் பாட்டிலில் வாங்கி வந்து வீட்டுக்குள் வைக்கப் போகிறார்.

மூன்றாவது நாள் காபியை நங்கென்று வைத்துவிட்டுச் சொன்னேன்.

"செய்ங்க. ஆனா ரூம் நான் சொல்றபடிதான் இருக்கணும்."

"இது ஹாபி ரூம்மா, ஃபேக்டரி இல்ல."

"மருந்துக்கு அது தெரியுமா?"

முதல் சண்டை கார்பெட்டோடு. பின்பக்க அறையில் வீடு வாங்கும்போதே இருந்த கார்பெட் அது, கட்டைவிரல் புதைகிற ஆழம். அதில் மருந்து சிந்தினால் எங்கே போய்த் தேடுவது? வேக்குவம் போட்டால் மோட்டாருக்குள் போகும். பிரைமர் ஒன்று உருண்டு உள்ளே ஒளிந்துகொண்டால், தவழ்ந்து திரியும் மகள் வாயில் போட்டுக்கொள்வாள். இவர் ஒத்துக்கொள்வதாக இல்லை. அது காற்று வறண்டு கிடந்த ஒரு ஜனவரி நாள். "சாக்ஸ் போட்டுட்டு இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்குத் தேச்சு நடங்க. இப்ப கதவுக் கைப்பிடியத் தொடுங்க" என்றேன். தொட்டார். சுரீரென்று ஒரு பொறி. "ஆ!" என்று கையை உதறினார். "இதுதான். மருந்துக்கு இது போதும்" என்றேன். மறுநாளே கார்பெட்டைக் கிழித்துச் சுருட்டி வாசலில் போட்டார்.

அடியில் வெறும் காங்கிரீட். அதை அப்படியே விட்டால் புழுதி. அடுத்து நான்கு சனிக்கிழமைகள் கடை கடையாக ஏறி இறங்கினோம். மகளை ஸ்ட்ரோலரில் தள்ளிக்கொண்டு நான் பின்னால். இவருக்குத் தேக்கு நிறத்தில் பலகை பலகையாக வருகிற ரகம் வேண்டும், பார்க்க கம்பீரமாக இருக்குமாம். பலகைக்குப் பலகை ஒரு இடுக்கு, இடுக்குக்கு இடுக்கு மருந்து, வேண்டாம். டைல்ஸிலும் அதே இடுக்குத் தொல்லை, வேண்டாம். கறுப்பு, பழுப்பு எதுவுமே வேண்டாம், கீழே விழுந்த துகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கடைசியில் ஒரே விரிப்பாக வருகிற, அந்த ஸ்டாட்டிக் பொறி பிடிக்காத வைனல் ஒன்றைப் பிடித்தோம். மோர் நிறம். பார்க்க ஆஸ்பத்திரி மாதிரிதான் இருந்தது. தரை போட வந்தவர் பல் டாக்டர் கிளினிக்கா என்று கேட்டார். "இல்ல, என் ஒய்ஃப் வெடிமருந்து இண்டஸ்ட்ரி" என்று அவருக்கு இங்கிலீஷில் சொன்னார் இவர். கிண்டல்தான். ஆனாலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்ததை உங்களிடம் மறைப்பானேன்.

அதன்பிறகு என் ராஜ்ஜியம். செருப்பு வெளியே. போன் வெளியே. சிந்தினால் வேக்குவம் கூடாது, ஈரத்துணிதான். நான் போட்ட சட்டத்தில் அப்பாவே தோற்றுவிடுவார். "போர்மேன் அம்மா, உள்ள வரலாமா?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் இவர் நுழைவார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. காரைக் கழுவி, லேப்டாப்பைத் துடைத்து, மிக்ஸி, கிரைண்டர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. பிரஸ்ஸை மட்டும் விடலாமா, அதுவும் ஆயுதம் சம்பந்தப்பட்டது ஆயிற்றே! அது மேஜையோடு முடுக்கியது, ஹாலுக்குத் தூக்கிவர முடியாது. எனவே பூஜை அங்கே போயிற்று. பிரஸ்ஸுக்குச் சந்தனம், மருந்து நிறுக்கிற தராசுக்குக் குங்குமம். இவர் பயபக்தியோடு மருந்துப் பாட்டிலை எடுத்து நடுவில் வைத்தார். அதற்கும் நானே ஒரு பொட்டு வைத்தேன். பொரி, கடலை, தேங்காய். மகள் இவர் இடுப்பில். எல்லாம் முடிந்து, தட்டில் சூடத்தை வைத்து, நானே பற்றவைத்தேன். நான்! சிவகாசிக்காரி! போர்மேன் மகள்! மருந்துப் பாட்டிலுக்கு இரண்டு சாண் தள்ளி நின்று, அதற்கே தீபாராதனை காட்டினேன்.

இரண்டாவது சுற்றில் தட்டு சாய்ந்தது. எரிகிற சூடம் வழுக்கித் தரையில் விழுந்தது. இவர் யோசிக்கவே இல்லை, மகளை என் மேல் தள்ளிவிட்டு வெறுங்காலால் மிதித்துவிட்டார். மோர் நிறத்தில் ஒரு கறுப்பு வட்டம். அவர் பாதத்தில் ஒரு கொப்புளம். வேறு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பழைய கார்பெட் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தோம். இவர் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டே, "போர்மேன் அம்மாவ சஸ்பெண்ட் பண்ணியாச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியது அப்படியே அழுகையாகி, நெடுநேரம் நிற்கவில்லை. அன்றைக்கு நான் அழுதது சித்திக்கும் சேர்த்துத்தான்.

பூஜை மறுவருஷம் ஹாலுக்கு வந்துவிட்டது, தொலைந்து போகட்டும். எனக்குத்தான் ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. அடுக்களையில் நின்றால் காது அந்த அறையிலேயே இருக்கும். டக், டக் என்று பிரஸ் சத்தம் கேட்கிற வரை தாளிப்பேன். சத்தம் நின்றால் கரண்டியும் நின்றுவிடும். "என்னங்க?" என்பேன். "இருக்கேன்!" என்று குரல் வரும். மறுபடி டக், டக். வந்த விருந்தாளிகள் முன்னால்கூட இது நடந்திருக்கிறது. ஒருநாளும் இவர் சலித்துக்கொண்டதில்லை, ஒருநாளும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

அந்த ஆபீஸ் சிநேகிதர் ஊர் மாறிப் போனார். ரேஞ்ச் இருந்த இடத்தில் வீடுகள் முளைத்தன. இவருக்குக் கண் மங்க ஆரம்பித்ததும், "தராசு முள்ளு சரியாத் தெரியலம்மா, இனிமே வேணாம்" என்று தானாகவே சொல்லி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். நான் கேட்காமலே. வீட்டில் இப்போது ஒரு துகள் மருந்து இல்லை. பயப்பட எனக்கு ஒன்றுமே இல்லை.

நேற்று ரசம் வைத்துக்கொண்டிருந்தவள், என்ன தோன்றியதோ, "என்னங்க?" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். ஹால் சோபாவில் காதில் இயர்ஃபோனோடு யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி, "என்னம்மா, ஏதாவது வேணுமா?" என்றார். ஒன்றுமில்லை என்று திரும்பி வந்துவிட்டேன். ஒரு நாளைக்கு இருபது தடவை, தான் உயிரோடு இருப்பதை எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்த மனிதர் அவர்.