அயன்காரி எங்கை போனவள்?

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்தப் பெண் காணாமல்போனாள். ரயில் அப்போதுதான் புறநகர் நிலையமான கார்ஜ் லே கொனெஸை விட்டுப் புறப்பட்டிருந்தது. இடையில் ஒரு தாளைத் தவறவிட்டேனோ என்று பின்னால் புரட்டினேன், இல்லை. முன்னால் புரட்டினேன். நகரத்தின் கார் து நோர் நிலையம் வருவதற்குள் கடைசிப் பக்கம்வரை தேடிவிட்டேன். அவள் திரும்பி வரவேயில்லை.

பிரெஞ்சில் வந்திருந்த ஜப்பானிய நாவல் அது. நுழைவுத் தேர்வுக்குப் படிக்க நகரத்துக்கு வரும் பத்தொன்பது வயதுப் பையன், ஒரு சலவைக்கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கி, முந்நூறு பக்கங்களில் பெரிய மனிதனாகிறான். அதற்கு மூன்று பெண்கள் ஒத்தாசை செய்கிறார்கள். ஒருத்தி நீச்சல் சொல்லித்தருகிறாள். ஒருத்தி அவன் தோளில் சாய்ந்து அழுகிறாள். கடையில் இஸ்திரி போடுகிறவள் ஒரு மழைநாளில் அவனுடைய சட்டையைக் கொடுக்க மாடியேறி வருகிறாள். அவன் அதுவரை அறியாத எதையோ அறியவைக்கிறாள். மறுநாள் அவள் கடையில் இல்லை. இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று எழுதிவிட்டு ஆசிரியர் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார். பருவம் மாறினால் பெண்ணையும் மாற்றிவிடலாம் போலிருக்கிறது.

ரயில் நிலையப் படிகளில் ஏறும்போதுதான் அந்த எண்ணம் பளிச்சென்று வந்தது. அகதி மனு போட்டவர்களிடம் அலுவலகம் கேட்கும் கேள்விகளை இந்தப் பெண்களிடம் கேட்டால் என்ன? எந்தத் தேதியில் வந்தாய், யாரோடு தங்கினாய், இந்த மாதத்துக்கும் அந்த மாதத்துக்கும் நடுவில் எங்கே இருந்தாய்? பையனுடைய ஒவ்வொரு நாளுக்கும் நாவலில் பதில் இருக்கிறது. பெண்கள் மூவரையும் முதல் கேள்வியிலேயே நிராகரித்துவிடலாம். பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கேட்டு ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். கிடைத்துவிட்டது.

அந்தக் கேள்விகள் எனக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரூ பெர்தொனே தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையின் கடைசி மேசையில் உட்கார்ந்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் கதையைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் பாண்டிச்சேரி. அப்பா பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர் என்பதால் என்னிடம் யாரும் எந்தக் கதையும் கேட்டதில்லை.

அன்றைக்கு அந்த மேசையில் ஓர் அக்காவும், நான் அண்ணை என்று கூப்பிடும் அவருடைய கணவரும் எனக்காகக் காத்திருந்தார்கள். தையல்கூடம் ஒன்றில் அக்காவுக்கு அயன் பண்ணும் வேலை. வலது மணிக்கட்டில் அதற்கான அடையாளம் பழுப்பாக இருக்கும். என்ன விஷயமாக வந்திருக்கிறார்கள் என்றுகூடக் கேட்காமல் நாவலைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். தேநீர் ஆறும்வரை சொன்னேன்.

அக்கா சிரிக்காமல் கேட்டார். "அயன்காரிக்கு கையிலை ஒரு சூட்டுக்காயமாவது இருந்ததோ?"

"இல்லக்கா. கை வெள்ளையா, மிருதுவா இருந்துதுன்னு எழுதியிருக்கு."

"அப்ப எழுதினவர் அயன் பண்ணாத ஆள். சரி, எங்கை போனவள்?"

"அதான் தெரியலக்கா. அதைப் பத்தித்தான் எழுதப்போறேன். ஆம்பளைங்க எழுதினா இப்படித்தான், நம்மள மாதிரி பொம்பளைங்க எழுதணும்."

"ஓம், ஓம். ஆம்பிளையள்தான்," என்றார் அக்கா. கைப்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து மேசையில் வைத்தார். "இதையும் ஒருக்கா வாசி பிள்ளை. பிரெஞ்சு படிச்சனீதானே."

வாசித்தேன். அண்ணையின் மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. அக்காவின் மனுவை மறுத்துவிட்டார்கள். கணவருக்கு நேர்ந்ததெல்லாம் எழுதியிருக்கிறது, இவருக்கென்று என்ன நேர்ந்தது என்பது தெரியவில்லை என்பது கடிதத்தின் சாரம். ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தவறினால் கையிலிருக்கும் தற்காலிகக் காகிதம் போகும், அதோடு வேலையும். மாதத்தில் ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

அக்காவின் கதையை எழுதியது நான்தான். நகல் என் கோப்பில் இருந்தது. எடுத்தேன்.

"தமிழிலை சொல்லு," என்றார்.

சொன்னேன். அண்ணை வேலைக்குப் போன காலை, ராணுவச் சுற்றிவளைப்பு, அவர் பனந்தோப்பில் ஒளிந்த இரவு, ஓலையில் மழை விழுந்த சத்தம், கொழும்புக்குப் போன லொறி, விமானம். அந்த மழைக்கு மட்டும் நான்கு வரி. அதை எழுதி முடித்த அன்று எனக்கே என்மேல் மரியாதை வந்திருந்தது. அக்கா ஒன்பதாவது வரியில் 'அவருடைய மனைவி' என்று வந்தார். பிறகு கடைசிப் பத்தியில் வந்தார். அண்ணை புறப்பட்டதற்கும் அக்கா வந்து சேர்ந்ததற்கும் நடுவில் இருந்த பதினான்கு மாதங்களுக்கு ஒரே வாக்கியம்: அவர் வீட்டில் காத்திருந்தார்.

படிக்கப் படிக்க என் குரல் சன்னமாகிக்கொண்டே வந்தது.

"மழை நல்லாய் இருக்குது," என்றார் அக்கா. "மழைக்கு கட்டாயம் இஞ்சை இருக்க கார்ட் குடுப்பினம். எனக்குத்தான் தரமாட்டினம்."

அண்ணை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

"ஏங்க்கா அன்னிக்கு நீங்க ஒண்ணுமே சொல்லல?"

"நீ எங்கை என்னைக் கேட்டனீ? கேள்வி எல்லாம் இவருக்கு. எனக்கு வடை தந்தனீ."

அது உண்மை. உளுந்து வடை, இரண்டு.

"அந்தப் பதினாலு மாசம் என்ன செஞ்சீங்க?"

"அஞ்சு வீடு மாறினனான். இவர் எங்கை எண்டு கேட்டு ஆமி ரெண்டுதரம் வந்தது. ரெண்டாந்தரம் என்னை ஆமிக் காம்புக்குக் கூட்டிக்கொண்டு போனவங்கள். மூண்டு நாள்."

அண்ணை நிமிர்ந்தார். "என்ன மூண்டு நாள்? நீ கடிதத்திலை எல்லாரும் சுகம் எண்டுதானே எழுதினனீ."

"கடிதத்தை அவங்கள் உடைச்சுப் பாப்பாங்கள். வேறை என்னத்தை எழுதிறது?"

"இஞ்சை வந்தாப்பிறகாவது சொல்லியிருக்கலாமே."

"நீங்களும் கேக்கேல்லை."

அண்ணை ஆறிய தேநீர்க் கோப்பைகளை ஓரமாகத் தள்ளினார். பிறகு எழுந்து, இன்னும் மூன்று தேநீர் சொல்லப் போனார். அவர் இல்லாத அந்த இரண்டு நிமிடத்தில் அக்கா என் பக்கம் குனிந்தார்.

"அடுத்த ஞாயிறு நான் தனிய வாறன். இவர் பக்கத்திலை இருந்தா எனக்கு வாய் வராது. நீ தேதி கேள், இடம் கேள், ஆர் வீடு எண்டு கேள். அந்த ஜப்பான்காரியைக் கேக்கிறமாதிரிக் கேள். உனக்கென்ன, கார்டோடை பிறந்தனீ. எனக்கு இன்னும் மூண்டு கிழமைதான் இருக்கு."

"சரிக்கா."

"மழை எழுதாதை."

"நீங்க சொன்னா மட்டும் எழுதுறேன்."

"என்னைக் கூட்டிக்கொண்டு போன அண்டைக்கு மழை இல்லை பிள்ளை. சரியான வெய்யில்."

திரும்பும் ரயிலில் நாவலைப் பையிலேயே விட்டுவிட்டேன். ஆய்வேட்டுத் தலைப்பைத் திங்களன்று கொடுத்துவிடலாம். அயன்காரிக்கு அவசரமில்லை, அவள் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்தான் இருப்பாள். நோட்டில் ஒரு புதிய தாளைத் திருப்பினேன். பதினான்கு மாதங்களின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அரைப் பக்கம் காலியாக விட்டேன். அக்கா வாய் திறக்கும்போது நான் குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும். எனக்கு அதுதான் கஷ்டம். கடை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், அடுத்த ஞாயிறு வடையை எனக்குத் தரச்சொல்லி.