பயன் தெரியாத பொருள்

அருங்காட்சியகத்தில் அவளுக்குப் பெயர் கண்ணாடியம்மா. இருபத்தாறு கண்ணாடிப் பேழைகளைப் பதினோரு ஆண்டுகளாகத் துடைத்ததில் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட்டது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனால் மனித நாகரிகம் அவளுக்கு மனப்பாடம். சக்கரம் எந்தப் பேழை, எழுத்து எந்தப் பேழை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அறிஞர்களுக்கே பிடிபடாத ஒரு மண் உருண்டையும் அங்கே உண்டு. அதன் முன்னால் 'பயன் தெரியவில்லை' என்று ஓர் அட்டை. பெரிய படிப்பாளிகள் மனம்விட்டு ஒப்புக்கொண்ட ஒரே உண்மை அதுதான் என்பதால், அந்தப் பேழையை மட்டும் திறந்து உள்ளும் புறமும் இருமுறை துடைப்பாள்.

மூன்றாம் கூடத்தின் பெருமை, நாலாயிரம் ஆண்டுப் பழமையான கழிவறை. செங்கல் இருக்கை, சரிவான வடிகால், மேலே தனி விளக்கு. அதைத் துடைக்கும் கண்ணாடியம்மாவுக்கு அந்தக் கட்டடத்தில் கழிவறை கிடையாது. பார்வையாளர் கழிவறையில் 'பழுதுபார்க்கப்படுகிறது' என்ற பலகை தொங்கி மூன்று ஆண்டு ஆகிறது. மற்றொன்று அதிகாரிகளுக்கு, அதன் ஒரே சாவி கண்காணிப்பாளரின் சட்டைப் பையில். அவசரமென்றால் பேருந்து நிலையம்தான். போய்வர இருபது நிமிடம். அதற்கு அரைநாள் விடுப்பு எழுதுவார்கள். ஆகவே காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை அவள் சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. மனித இனம் இவ்வளவு தூரம் முன்னேறியிருந்தது.

போன வாரம் மருத்துவர் அவளுடைய ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரு கிட்னி சுருங்கிக்கிட்டு வருதும்மா. தண்ணி குடிக்கலேன்னா இன்னொண்ணும் போயிடும்."

மகள் பொரிந்து தள்ளினாள். "உன் கிட்னியையும் ஒருநாள் கண்ணாடிப் பெட்டியில வெப்பாங்க. அதையும் நீயே துடை!"

மறுநாள் கண்ணாடியம்மா கண்காணிப்பாளரிடம் சாவி கேட்டாள்.

"உனக்குக் குடுத்தா காவலாளி கேப்பான், அப்புறம் தோட்டக்காரன் கேப்பான். ஒரு ஒழுங்குன்னு இருக்குல்ல?"

"அடக்கிக்கிறதுதான் ஒழுங்காய்யா?"

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. போ, மூணாவது கூடத்துக் கண்ணாடியில விரல் ரேகை தெரியுது. வியாழக்கிழமை பேராசிரியர் வர்றார்."

வியாழக்கிழமை பேராசிரியர் நாற்பது விருந்தினர்களோடு வந்தார். செங்கல் இருக்கையின் முன் நின்று உருகினார். "ஒரு சமூகத்தோட அறிவை அரண்மனையில தேடாதீங்க. இங்க தேடுங்க!" எல்லோருக்கும் முன்னால் கைதட்டியவர் கண்காணிப்பாளர்.

துணியும் கையுமாக ஓரத்தில் நின்ற கண்ணாடியம்மா வாயைத் திறந்தாள். "ஐயா, ஒரு சந்தேகம். இது இருந்த வீட்டுல வேலை செஞ்சவங்களும் இதுலதான் போனாங்களா?"

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. "அருமையான கேள்வி! சின்ன வீடு, பெரிய வீடு, எல்லாத்துலயும் இது கிடைச்சிருக்கு. அதாம்மா நாகரிகம்!"

"பூட்டு ஏதாவது கிடைச்சுதுங்களா?"

"இல்லையே. ஏன்?"

அவள் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "சாவி குடுங்கய்யா. மூணு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வந்திருக்கேன்."

நாற்பது தலைகள் திரும்பின. கண்காணிப்பாளர் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே சட்டைப் பையைத் துழாவினார்.

போன சாவி திரும்பவில்லை. மறுநாள் காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த கண்காணிப்பாளர், கதவில் பூட்டே இல்லாததைக் கண்டார். உள்ளே தோட்டக்காரர். வெளியே காத்திருந்த காவலாளி பணிவாக நகர்ந்து இடம் காட்டினார், தனக்குப் பின்னால். "வரிசையில நில்லுங்க சார். ஒரு ஒழுங்குன்னு இருக்குல்ல?"

பூட்டைத் தேடி அலைந்தவருக்கு அது மூன்றாம் கூடத்தில் கிடைத்தது. பேழைக்குள், மண் உருண்டைக்குப் பக்கத்தில், விளக்கு வெளிச்சத்தில், சாவியோடு வீற்றிருந்தது. அட்டை மட்டும் உருண்டையை விட்டு நகர்ந்து பூட்டுக்கு நேராக நின்றது: 'பயன் தெரியவில்லை'.

கண்ணாடியில் ஒரு விரல் ரேகைகூட இல்லை.