முதலில் குதிக்க வேண்டும், பிறகுதான் விளையாட்டு

போன வாரம் முழுக்க எங்கள் தெருவில் ஒரே பேச்சு. கோமதி டீச்சர் டிவி ஜெயித்துவிட்டாராம்!

டீச்சர் எங்கள் எதிர்வீடு. முக்கூடலில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறார். சென்னைக்குப் போய் ஒரு கேம் ஷோவில் கலந்துகொண்டு திரும்பியிருந்தார். ஒளிபரப்பு ஞாயிற்றுக்கிழமை. ஆனால் திங்கள் முதலே புரோமோ ஓடியது. டீச்சர் கேள்விக்குப் பதில் சொல்கிறார்; அடுத்து சுவரளவு டிவி ஒன்றின் பக்கத்தில் நின்று குதிக்கிறார். "இது எங்க ஸ்கூல் பிள்ளைகளுக்கு!" என்கிறார். கண்ணில் நீர்.

அவ்வளவுதான். தலைமையாசிரியர் புதன்கிழமையே ஆள் வைத்து, வகுப்புச் சுவரில் டிவி மாட்டும் ஸ்டாண்டை அடித்துவிட்டார்.

எனக்குப் பத்திரிகைப் புத்தி. "டிவி எப்ப வருது டீச்சர்?" என்று கேட்டேன்.

"ஒளிபரப்பு ஆகுத வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காவ அண்ணாச்சி. ஒண்ணும் கேக்காதிய."

ஜெயித்தவர் முகமா அது?

வீட்டில் என் மனைவி அதே புரோமோவை மொபைலில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கன பாருங்க. குதிக்கையில தலையில இருக்க பிச்சிப்பூ பூராவும் மொட்டு. கேள்விக்குப் பதில் சொல்லுத இடத்துல விரிஞ்சிருக்கு. நீங்கள்லாம் என்னத்த பேப்பர்ல வேல பாத்திய?"

பிச்சி சாயங்காலம்தான் விரியும். அப்படியென்றால்... ஜெயித்தது முதலில், விளையாடியது பிறகா?

ஞாயிறு வந்தது. டீச்சர் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னார். டிவி அவருக்கே என்றார்கள். உடனே தொகுப்பாளர் ஒரு டீல் போட்டார். டிவியைத் திருப்பித் தந்துவிட்டு ஒரு மூடிய பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். உள்ளே கார் சாவிகூட இருக்கலாம்.

'இருக்கலாம்.' செய்தியில் இந்தச் சொல் வந்தால் நான் பேனாவை மூடி வைத்துவிடுவேன். ஆனால் அரங்கமே "பெட்டி! பெட்டி!" என்று கத்தியது. டீச்சர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். பெட்டியை எடுத்தார்.

உள்ளே ஒரு குடை. ஸ்பான்சர் பெயர் பெரிய எழுத்தில்.

அந்தக் குதிப்பு? நிகழ்ச்சி முழுக்க அது வரவே இல்லை.

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பிய டீச்சரிடம் கேட்டேன். இப்போது பேசத் தடையில்லையே.

"காலையில வந்தவங்க எல்லாரையும் வரிசையா நிப்பாட்டி, கெடச்ச மாதிரி குதிங்கன்னாவ அண்ணாச்சி. பிள்ளைகள நெனச்சேன்... நெசமாவே அழுக வந்துட்டு."

"பெட்டிய ஏன் எடுத்திய?"

"அத்தன பேரும் நம்மள மாதிரி சனங்கதானே, கெடுதலுக்கா சொல்லுவாவன்னு நெனச்சேன். எறங்கி வந்து அடுத்த ஆள் ஆட்டத்தப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. ஓரமா ஒருத்தர் கையத் தூக்குனா கத்துதாவ, எறக்குனா நிப்பாட்டுதாவ."

கேள்விகளில் தில்லுமுல்லு இல்லை. பெட்டியிலும் இல்லை. எல்லாம் விதிப்படிதான். பொய் சொன்னது கூட்டத்தின் குரல் மட்டுமே. ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரியாவது இருக்குமா?

அன்று மாலை டீச்சர் திரும்பியதும், பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று மெல்ல விசாரித்தேன்.

"'டீச்சர், நீங்க குதிச்சியள்லா... நாங்க பாத்தோமே!'ங்குதுவ. என்னத்தச் சொல்ல?"

"குடைய என்ன செஞ்சிய?"

"சும்மாதான கெடக்குன்னு அந்த டிவி ஸ்டாண்டுல மாட்டிட்டேன்."

ஆக, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையிலிருந்து தலையைத் திருப்பும்போதெல்லாம் ஸ்பான்சர் பெயரைப் படிக்கிறார்கள். பரிசு யாருக்கு விழுந்தது என்பதில் மட்டும் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.