மதாம்தான் சொல்லச் சொன்னவ

எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. அம்மா இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில், நாலாம் மாடியில், ஒரே அறை உள்ள வீட்டில் அப்பாவோடு இருந்தோம். அப்பா ரூ காய் என்ற தெருவில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். நல்ல நாட்களில் மிஞ்சிய ரோல்ஸ் கொண்டுவருவார். மற்ற நாட்களில், தம்பி படுக்கையை நனைத்திருந்தால், பெல்ட்டைக் கழற்றுவார். என்னை அடிக்கமாட்டார். நான் அம்மாவின் சாயல் என்பார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பள்ளிக்கூடத்தில் நீச்சலுக்குக் கூட்டிப்போன அன்று தம்பியின் முதுகை ஆசிரியை பார்த்துவிட்டார். பிறகு நீதிமன்றத்திலிருந்து வீட்டுக்குக் கடிதங்கள் வந்தன. எங்கள் இருவருக்காகவும் பேசுவதற்கென்று சிறுவர் நீதிபதி ஒரு பெண்ணை நியமித்தார். புதுச்சேரிக்காரர், தபால் துறையில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர், சம்பளம் எதுவுமில்லாமல் இந்த வேலைக்குத் தானாக முன்வந்தவர். நாங்கள் அவரை மதாம் என்றுதான் கூப்பிட்டோம்.

புதன்கிழமை மத்தியானங்களில் வந்து எங்களைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவார். அவருடைய தமிழ் எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்கள் தமிழ் அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். முதல் மூன்று கிழமையும் அவர் எதையும் கேட்கவில்லை. தம்பியை ஊஞ்சலில் வைத்து ஆட்டினார், அவ்வளவுதான். நாலாவது கிழமை நானாகவே பெல்ட்டைப் பற்றிச் சொன்னேன்.

"நீ சொன்னத நான் நீதிபதிகிட்ட சொல்லணும் கண்ணு. சொல்லட்டுமா?"

"ஓம்" என்றேன்.

விசாரணைக்கு முதல்நாள் அப்பாவின் அக்கா, திரான்சியில் இருந்த மாமி, வந்தார். என் தலையை இழுத்துப் பின்னிக்கொண்டே பேசினார்.

"அந்தப் பொம்பிளை உங்கடை ஆளெண்டு நினைக்கிறியோ? உன்னை ஒரு வீட்டிலை, தம்பியை ஒரு வீட்டிலை விட்டிடுவினம். காசு வாங்காமல் ஆராவது ஊரார் பிள்ளையளுக்குப் பின்னாலை திரிவினமோ? மதாம்தான் சொல்லச் சொன்னவ எண்டு சொல்லு. எல்லாம் முடிஞ்சிடும்."

காசு வாங்காத ஆளை நம்பக்கூடாது என்பது எனக்கு அன்று மிக நியாயமாகப் பட்டது.

நீதிபதி அப்பாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு எங்களை உள்ளே அழைத்தார். மதாம் நான் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். உண்மையா என்று நீதிபதி என்னைக் கேட்டார். அந்த அறையில் நான் பயப்பட ஒருவரும் இல்லை. ஆனாலும் சொன்னேன். ஒரு பிழையும் விடாமல், நல்ல பிரெஞ்சில். அப்படி எதுவும் நடக்கவில்லை, தம்பி படியில் விழுந்தான், மதாம்தான் இப்படிச் சொல்லச் சொன்னார்.

நீதிபதி இன்னொரு தரம் கேட்டார். அதையே சொன்னேன். மூன்றாம் தரம் அவர் வாயெடுத்தபோது மதாம் குறுக்கிட்டார். "போதும், அவள் குழந்தை" என்றார். 

நாங்கள் வீட்டிலேயே இருக்கலாம், மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து பார்ப்பார், இனி எங்களுக்காகப் பேச வேறொருவர் வருவார் என்று முடிவாயிற்று.

குளிர்காலம் முடியுமுன் அப்பா அறைந்த ஒரே அடியில் தம்பியின் இடது காது கேட்காமல் போனது. பிறகுதான் எங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். மாமி பயங்காட்டியபடியே, இரண்டு வீடுகளுக்கு.

இப்போது மாதத்தில் ஒருநாள் தம்பியும் நானும் ரூ காயில் சந்தித்துக் கொத்துரொட்டி சாப்பிடுவோம். நான் அவனுடைய வலப்பக்கமாகத்தான் உட்காருவேன். அந்த விசாரணை நினைவிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். இல்லை அக்கா, நான் சின்னப்பிள்ளைதானே என்று பிரெஞ்சில் சொன்னான்.

அவனிடம் நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அன்று நாங்கள் வெளியே வந்தபோது நடைவழியில் அப்பா கைகளை விரித்துக்கொண்டு நின்றார். நான் ஓடினேன். தம்பி வரவில்லை. மதாமின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றான். அவர் அவனை இழுத்து அணைக்கவும் இல்லை, உதறவும் இல்லை. என்னைப் பார்த்தார். நான் திரும்பிப் போய் அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஆறு வயதுக்கு அவன் பிடி மிகப் பலமாக இருந்தது. எல்லோருக்கும் முன்னால் அப்பாவை வெட்கப்படுத்துகிறானே என்று எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. வேறு எதுவும் எனக்கு விளங்கவில்லை.