கெளுத்தியின் பின்னங்கால்

பூனை அப்படிக் கத்தும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. கைக்குழந்தை வீறிடுகிற மாதிரி இருந்தது. கையில் இருந்த நண்டைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். வலைக் குவியல் தானாக உருண்டுகொண்டிருந்தது. உள்ளே எங்கள் கெளுத்தி.

அது நாங்கள் வளர்க்கிற பூனை. மீசை நீளம் என்பதால் என் வீட்டுக்காரர் கெளுத்தி மீனின் பெயரை அதற்கு வைத்தார். பெண்களைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அதுவும்தான். ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே ஏரிக்கரையில் எங்கள் ஊர். விடியலில் படகு வந்ததும் நண்டு வலையைக் கரையில் கொட்டுவார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து, சிக்கிய நண்டுகளைப் பிரித்து எடுப்போம். போன கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு காலையில், அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் இது நடந்தது. நண்டுக்கு ஆசைப்பட்டு வலைக்குள் நுழைந்த பூனை பயந்து உருண்டதில், முடி மாதிரி மெல்லிய தங்கூசி, அதாவது வலையின் நைலான் நூல், அதன் பின்னங்காலைச் சுற்றிக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் வலையில் கத்தி வைக்க மாட்டார்கள். எவ்வளவு சிக்கானாலும் விரலால்தான் பிரிக்க வேண்டும். நண்டின் கால் ரொம்பச் சிக்கிவிட்டால் காலை ஒடித்து நண்டை எடுப்போமே தவிர, நூலை அறுக்க மாட்டோம். அன்றைக்கும் யாருக்கும் கத்தி ஞாபகம் வரவில்லை. வீட்டுக்காரர் பூனையைச் சாக்கில் சுற்றி அமுக்கிப் பிடித்தார். நான் விரலால் பிரித்தேன். ஒரு கண்ணியைத் தளர்த்தினால் இன்னொன்று இறுகியது. பூனை துள்ளத் துள்ள நூல் தோலுக்குள் போனது. வெகு நேரம் கழித்துத்தான் கால் வெளியே வந்தது.

"வலைக்கு ஒண்ணும் ஆவல," என்றார் அவர். நானும் அப்பாடா என்றேன். இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மஞ்சள் குழைத்துப் போட்டேன். நொண்டி நொண்டி நடந்தது. சரியாகிவிடும் என்று இருந்தேன். இரண்டு நாள் கழித்துச் சோற்றுக்கு வரவில்லை. தேடினேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்தது. தூக்கி மடியில் வைத்துக் காலைத் தொட்டேன். ஐஸ் பெட்டியில் இருக்கும் மீன் மாதிரி ஜில்லென்று இருந்தது. உடம்பு கொதித்தது, கால் மட்டும் ஜில்லென்று. வாடையும் வந்தது. அந்த வாடை எனக்குத் தெரியும். கெட்டுப்போன மீனின் வாடை. உயிரோடு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்றிலிருந்து அது வந்தது. ஆண்டவரே என்று கூப்பிடக்கூட எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்து வீட்டுத் தெய்வானை எட்டிப் பார்த்தாள். அவள் கருவாடு காய வைப்பவள். அவளுக்கும் கெளுத்திக்கும் தினமும் சண்டை.

"இன்னாக்கா, திருடனுக்கு இன்னா வந்துச்சி?" என்று சிரித்துக்கொண்டே வந்தவள், காலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஓடிப்போய்த் தன் மீன் கூடையை எடுத்து வந்தாள். "கெளம்புக்கா. அங்க போயி நீ வாயே தொறக்க மாட்ட. நானும் வரேன்."

அவள் சொன்னது நிஜம். நான் ஐந்தாவது வரை படித்தவள். சபையில் கடைசிப் பாயில், சுவரோரம் உட்காருகிறவள். போதகர் நலம் விசாரித்தாலே தலையைக் குனிந்துகொள்வேன்.

டவுனில் நாய், பூனை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் ஒரே ஜெபம்தான் செய்தேன். ஆண்டவரே, அந்தக் கால் மறுபடி சூடாக வேண்டும்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். பாதத்தை இடுக்கியால் கிள்ளினார். கெளுத்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நூல் இறுக்கினதுல ரத்தம் ஓடாம கால் செத்துப்போச்சும்மா," என்றார். "தொடையோட எடுக்கணும். இருக்கிற காய்ச்சலுக்கு மயக்க மருந்தைத் தாங்குமானு என்னால உறுதி சொல்ல முடியாது. வேணாம்னா வலி தெரியாம ஊசி போட்டுத் தூங்க வச்சிடலாம். அப்படியே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா ரொம்பக் கஷ்டப்பட்டுச் சாகும். நீங்கதான் சொல்லணும்."

நீங்கதான் சொல்லணும். என் வயசுக்கு ஒருவரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

தெய்வானை தன் போனில் என் வீட்டுக்காரரைப் பிடித்துக் கொடுத்தாள்.

"காலு இல்லாம அது இன்னா பண்ணும்? ஊசி போட சொல்லு. வதைக்காத," என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. போனை வைத்துவிட்டார். அவர் சொல்லுக்கு நான் எதிர்ச்சொல் சொன்னதே கிடையாது.

பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். "ஆண்டவரே, எனக்குத் தெரியவில்லை. யார் வாயில் வைத்தாவது சொல்லும்" என்று கேட்டேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

ஆமென் சொல்லி முந்தானையை எடுத்தேன். தெய்வானை கூடைக்குள் குனிந்து பூனையிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா டேய், ஒரு காலு பூட்டா இன்னா இப்ப? காலு ஒடிஞ்ச நண்டு தண்ணில சாவுதா? அதுபாட்டுக்குத் தின்னுட்டு மறுக்கா நம்ம வலைக்கே வரல? மூணு காலோட வா. கருவாட்டத் தூக்கினு மெதுவா ஓடுவ. எனக்குத்தான் லாபம்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. கால் போன நண்டுகள் எத்தனை என் கையில் வந்திருக்கின்றன! ஒடிந்த இடத்தில் துளியாகப் புதுக் கால் முளைத்துக்கொண்டிருக்கும். பூனைக்குக் கால் முளைக்காது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த நண்டுகள் ஒன்றுகூட அரை நண்டாக என்னிடம் வந்ததில்லை. எல்லாம் முழு நண்டாகத்தான் என் விரலைக் கடித்தன.

எழுந்தேன். "காலை எடுத்துடுங்கம்மா," என்றேன். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தம். அது என் குரல்தானா என்று எனக்கே திக்கென்றது. தெய்வானை வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவைச் சாத்தினார்கள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. தெய்வானை தன் சாமியைக் கும்பிட்டாள், நான் என் ஆண்டவரை. கதவு திறந்ததும் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து அவர் செருப்பையே பார்த்தேன்.

"முழிச்சிக்கிச்சும்மா," என்றார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் கூடையைத் திறந்து பார்த்தார். மறுநாள் வலை பிரிக்கும் இடத்தில், கம்பத்தில் ஒரு கத்தரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வலைக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலா என்று கரையில் கிண்டல் செய்தார்கள். "அறுந்த வலைய நாளைக்கு முடிஞ்சிக்கலாம்டா," என்றார். இன்றைக்கும் அது அங்கேதான் தொங்குகிறது.

அன்பானவர்களே, நான் கேட்ட காலை ஆண்டவர் தரவில்லை. அதை மறைக்க மாட்டேன். ஒரு வார்த்தை கேட்டேன், தந்தார். அதைச் சொல்ல எனக்கு வாயும் தந்தார். முன்பெல்லாம் பூனைக்காகவா ஜெபிப்பது என்று வெட்கப்படுவேன். இப்போது எதையும் அவரிடம் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு கடைசிப் பாயிலிருந்து எழுந்து நின்று இதைச் சபையில் சாட்சியாகச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன். நீங்களும் சின்னது பெரிது பார்க்காமல் அவரிடம் கேளுங்கள். பதில் பக்கத்து வீட்டுக்காரி வாயிலிருந்து வந்தாலும் காது கொடுங்கள்.

இதை எழுதும்போதே வெளியே தெய்வானையின் சத்தம் கேட்கிறது.

"யக்கா! உன் சாட்சி என் கருவாட்டத் தூக்கினு ஓடுது பாரு! மெதுவா ஓடும்னு எவ சொன்னா?"

அவள்தான் சொன்னாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.